இருபக்கமும் போடும் ஜாக்கெட்: துணியைப் பிரித்துத் தைப்பதா, பட்டி வைப்பதா?

குன்னூர்க்காரி | ஞாயிறு, காலை 10:20

எல்லோருக்கும் வணக்கம். குளிருக்குப் போடும் ஜாக்கெட்டைப் பற்றிக் கேட்கிறேன், சேலைக்குப் போடுவது இல்லை.

அண்ணன் வெளிநாட்டிலிருந்து வரும்போது கம்பளித் துணி இரண்டு மீட்டர் வாங்கி வந்தார். அகலம் 150 செ.மீ. ஒரு பக்கம் கருநீலம், மறுபக்கம் சாம்பல். இரண்டுமே நல்ல பக்கமாக இருக்கிறது. லைனிங் போட்டு ஒன்றை மறைக்க மனசு வரவில்லை. திருப்பித் திருப்பிப் போடும்படி தைக்கலாம் என்று ஆசை. இடுப்புக்குச் சற்றுக் கீழே வரை நீளம், முழுக்கை, சின்னதாக நிற்கும் காலர்.

சுடிதார், பிளவுஸ், பிள்ளைகள் ஃபிராக் எல்லாம் தைப்பேன். ஆனால் அதிலெல்லாம் தையல் ஓரத்தை உள்ளே தள்ளி ஓவர்லாக் அடித்தால் வேலை முடிந்தது. இதில் உள்ளே என்று ஒரு பக்கமே கிடையாது. தோள்பட்டை, சைடு, கைக்குழி எங்கே தைத்தாலும் ஓரம் ஏதாவது ஒரு பக்கம் தெரியத்தானே செய்யும்? என்னிடம் இருப்பது பழைய கால் மிஷின், நேர்த்தையல் மட்டும்தான் வரும். வழி சொல்லுங்கள்.

---

கத்தரிக்கோல் | ஞாயிறு, காலை 11:05

கவலையே வேண்டாம்மா. நீலப் பக்கம் நேராகத் தையல் போடுங்கள். ஓரத்தைச் சாம்பல் பக்கம் பிரித்து வைத்து இஸ்திரி போடுங்கள். அதன்மேல் இரண்டரை செ.மீ. அகலத்தில் ஒரு பட்டி வைத்து, பட்டியின் இரண்டு பக்கமும் மிஷினில் அடித்துவிடுங்கள். நீலப் பக்கம் பார்த்தால் தையலுக்கு இருபுறமும் கோடு மாதிரி இரண்டு தையல் ஓடும். சாம்பல் பக்கம் பட்டி தெரியும். இரண்டுமே வேண்டுமென்றே செய்த டிசைன் போலத்தான் இருக்கும்.

முன்பக்கம், அடிப்பக்கம், கைமுனை, காலர் எல்லாவற்றுக்கும் கிராஸ் பீஸ் (துணியைச் சாய்வாக வெட்டிய பட்டி) வெட்டி பைப்பிங் பட்டி சுற்றிவிடுங்கள். துணி தடிமன் என்பதால் பட்டியை ஐந்து செ.மீ. அகலத்துக்கு வெட்டுங்கள், நான்கு போதாது. இரண்டே நாளில் முடித்துவிடலாம்.

---

ஸ்காபரோ_அக்கா | ஞாயிறு, மாலை 6:40

தங்கச்சி, கத்தரிக்கோல் அண்ணா சொல்லுற பட்டிக்குப் போக முதல் ஒரு வேலை செய்யுங்கோ. துணியின் மூலையில் ஒரு சின்னத் துண்டு வெட்டி எடுத்து, வெட்டின ஓரத்தில் நகத்தை விட்டு இரண்டு பக்கத்தையும் எதிரெதிராக இழுத்துப் பாருங்கோ. மூன்றில் ஒன்றுதான் நடக்கும்.

வாழைப்பட்டை மாதிரி இரண்டாகப் பிரிந்து, நடுவிலே மெல்லிய நூல்கள் அங்கங்கே பாலம் போட்டுக்கொண்டு நின்றால், அது உண்மையான இரட்டைத் துணி. தறியிலேயே இரண்டு துணியை ஒன்றின் மேல் ஒன்றாக நெய்து, அந்த நடு நூலால் பிணைத்திருப்பார்கள். நடு நூலை அறுத்தால் கீழும் மேலும் தனித்தனி முழுத் துணி. உங்களுக்கு அதிர்ஷ்டம்.

பிரியுது, ஆனால் நடுவிலே பசையோ ரப்பர் மாதிரி ஒரு படலமோ ஒட்டிக்கொண்டு வந்தால், அது இரண்டு துணியை ஒட்டினது. அதைப் பிரிக்கக் கூடாது, பிரிச்ச இடம் அழகு கெட்டுப் போகும்.

பிரியவே இல்லை என்றால் ஒரே நெசவில் இரண்டு முகம் வந்த துணி. ஒரே பாவில் இரண்டு நிற ஊடையை ஓட்டி, ஒன்றை மேலேயும் மற்றதைக் கீழேயும் மிதக்கவிட்டு நெய்வார்கள். அதற்கும் ஒட்டின துணிக்கும் அண்ணா சொன்ன பட்டி வழிதான் சரி.

முதல் வகை என்றால் தயவு செய்து பட்டி வைக்காதேங்கோ. அந்தத் துணிக்குக் காசு கொடுக்கிறதே பட்டி வைக்காமல் தைக்கத்தான்.

---

நூல்கண்டு | ஞாயிறு, இரவு 8:15

அக்கா, பிரித்துவிட்டால் இரண்டு லேசான துணிதானே மிஞ்சும்? பேசாமல் இரண்டு துணி வாங்கி, இரண்டு ஜாக்கெட் தைத்து, ஒன்றை ஒன்றுக்குள் போட்டு ஓரம் மூடினால் என்ன? அதுவும் திருப்பிப் போடலாமே?

---

ஸ்காபரோ_அக்கா | ஞாயிறு, இரவு 9:02

போடலாம். கடையில் கிடைக்கிற திருப்பிப் போடும் ஜாக்கெட்டில் முக்கால்வாசி அப்படித்தான். ஆனால் அது இரண்டு உடுப்பு. ஒன்று மற்றதுக்குள் சுருங்கும், அடிப்பக்கம் ஒன்று தொங்கி எட்டிப் பார்க்கும், கைக்குள்ளே முறுகும். நான் சொல்லுறதில் முழுத் துணியையும் பிரிக்கிறது இல்லை, தையல் வருகிற ஓரத்தை மட்டும்தான். மற்ற இடமெல்லாம் தறியில் பிணைத்த மாதிரியே இருக்கும். அதனால் லைனிங் இல்லை, உள்மடிப்புத் துண்டு இல்லை, விறைப்புக்கு வைக்கிற கேன்வாஸ் இல்லை. போட்டால் சால்வை போர்த்தின மாதிரி பாரமே தெரியாது.

---

குன்னூர்க்காரி | திங்கள், காலை 7:30

அக்கா, பிரிந்தது! நடுவில் வெள்ளை நூல், கிட்டத்தட்ட ஒரு செ.மீ.க்கு ஒன்று. சின்னக் கத்தரியால் தட்டினாலே அறுந்துபோகிறது. நீலத் துணி தனியாக, சாம்பல் தனியாக. அப்புறம் என்ன செய்ய வேண்டும்? படிப்படியாகச் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

---

ஸ்காபரோ_அக்கா | திங்கள், இரவு 10:48

வேலை முடிஞ்சு வந்து எழுதுறேன், கொஞ்சம் நீளமாக வரும்.

வெட்ட முதல் துணி முழுதும் ஈரத்துணி போட்டு ஆவியில் அயன் பண்ணி, தட்டையாக ஆற விடுங்கோ. கம்பளி சுருங்க வேண்டியதை இப்பவே சுருங்கட்டும். ரோமம் எந்தத் திசையில் படுகுது என்று இரண்டு பக்கமும் தடவிப் பார்த்து, எல்லாத் துண்டையும் ஒரே திசையில் வெட்டுங்கோ. டக் (உடம்பு வடிவத்துக்குப் பிடிக்கிற மடிப்பு) உள்ள பேட்டர்ன் வேண்டாம். இரட்டைத் துணியில் டக் பிடிச்சால் நடுவிலே கட்டி நிற்கும். தளர்வான உடம்பு, தாழ்ந்த தோள், நேரான கை உள்ள பேட்டர்னை எடுங்கோ. தையல் விட்டம், அதாவது தையல் கோட்டுக்கு வெளியே விடுகிற ஓரம், எல்லா இடத்திலும் 1.5 செ.மீ. விடுங்கோ.

இனி தையல். தோள்பட்டையை எடுப்போம். வெட்டின ஓரத்தில் இருந்து 3.5 செ.மீ. உள்ளே மிஷினில் நீளத் தையலாக ஒரு வரி ஓடுங்கோ, கடைசியில் அதைப் பிரிச்சு எடுக்கலாம். அது காவல் தையல். பிரிக்கிற போது துணி அந்த வரிக்கு மேலே பிரியாது. பிறகு ஓரத்தில் இருந்து அந்த வரி வரைக்கும் நடு நூலை அறுத்துக்கொண்டு போங்கோ. கத்தரியின் நுனி துணிப் பக்கம் சாயக் கூடாது, நடுவிலேயே நிற்க வேண்டும். அவசரப்பட்டால் துணியில் ஓட்டை விழும்.

இப்ப முன்துண்டிலும் பின்துண்டிலும் நீலமும் சாம்பலும் தனித்தனியாகத் தொங்கும். நீலத்தையும் நீலத்தையும் நல்ல பக்கம் உள்ளே பார்க்க வைத்து 1.5 செ.மீ.யில் மிஷினில் தையுங்கோ. சாம்பலைத் தொடாதேங்கோ. தையலை விரிச்சு அயன் பண்ணி, விட்டத்தை ஒரு செ.மீ. ஆகக் குறைச்சு வெட்டுங்கோ. பிறகு துணியைத் திருப்பினால் சாம்பல் ஓரம் இரண்டும் தையலின் மேல் கிடக்கும். ஒன்றைத் தட்டையாகப் படுக்க விடுங்கோ. மற்றதை நீலத் தையலுக்கு நேரே மடிச்சு அதன் மேல் வைத்து, ஊசி தெரியாத மாதிரி கைத்தையல் போடுங்கோ. மடிப்புக்குள்ளேயே ஊசி ஓட வேண்டும், வெளியே ஒரு இழையைத்தான் பிடிக்க வேண்டும். நூலை மெழுகில் இழுத்து எடுத்தால் சிக்காது.

முன்பக்கம், அடிப்பக்கம், கைமுனை ஓரங்களுக்கு வேறு வழி. 3 செ.மீ.க்குக் கொஞ்சம் கூட ஆழமாகப் பிரிச்சு, நீலத்தையும் சாம்பலையும் இரண்டையும் உள்ளே மடிச்சு, வாயை மூடுற மாதிரி கைத்தையல். ஒரு பக்கத்து ஓரத்தை மட்டும் இரண்டு மூன்று மி.மீ. கூட வெட்டிவிட்டால் உள்ளே இரண்டு விட்டமும் ஒரே இடத்தில் முட்டாது, ஓரம் மெல்லிசாக விழும்.

காலர் நின்ற காலர் தானே, அதற்கு ஒரே துண்டு போதும். காலரின் கீழ் ஓரத்தைப் பிரிச்சு, கழுத்தை அதன் நடுவே செருகித் தைக்கலாம். கழுத்தைப் பிரிக்கத் தேவையில்லை.

தோள்பட்டை, காலர், பிறகு துணி தட்டையாக இருக்கும்போதே கை, அதன் பிறகு கையும் சைடும் ஒரே ஓட்டமாக, கடைசியில் ஓரங்கள். இந்த வரிசையை மாற்றாதேங்கோ.

---

கத்தரிக்கோல் | செவ்வாய், காலை 9:10

படித்தேன். முறையாகத்தான் சொல்லியிருக்கிறார், குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்தப் பெண் இந்த மாதிரித் துணியை முதல் தடவை தைக்கிறார் என்பதை மறந்துவிட்டோம். ஓரங்களை மட்டும் கூட்டிப் பாருங்கள்: அடிப்பக்கம் ஒரு மீட்டருக்கு மேல், முன்பக்கம் இரண்டும் சேர்ந்து இன்னொன்று, காலர், இரண்டு கைமுனை. மூன்று மீட்டருக்கு மேல் போகிறது. அதற்கு மேல் தோள், சைடு, கை, கைக்குழி எல்லாம் ஒரு பக்கம் கைத்தையல். கடையில் இதைச் செய்து கொடுத்தால் கூலிக்கு யார் பதில் சொல்வது?

இன்னொன்று, கைக்குழி. வளைவான இடத்தில் 3.5 செ.மீ. பிரித்தால் இரண்டு துணியும் தனித்தனியாக இழுபடும். நீலம் ஓர் அளவு, சாம்பல் ஓர் அளவு என்று நிற்கும். தோள்பட்டையும் அப்படித்தான், மாலையில் கழற்றும்போது முழங்கை வரை இறங்கியிருக்கும். பிரித்த இடத்தில் மெல்லிய நேர் இழை நாடா ஒன்றை உள்ளே வைத்துப் பிடிக்காமல் தோள்பட்டையைத் தைக்கவே கூடாது. இதை அக்கா சொல்லவில்லை.

சாக்பீஸ் பற்றியும் யாரும் சொல்லவில்லை. இதில் தப்புப் பக்கம் என்று ஒன்று இல்லாததால் சாக்பீஸ் கோடு ஏதாவது ஒரு நல்ல பக்கத்தில்தான் விழும். கலர் நூலில் கச்சா தையல் போட்டு அடையாளம் வையுங்கள். வெட்டின ஒவ்வொரு துண்டிலும் ‘நீலம் மேலே’ என்று காகிதம் எழுதிக் குத்திவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு முன்துண்டும் ஒரே கைப்பக்கத்துக்கு வந்துவிடும். திருப்பினால் அளவு சரியாக இருக்கும், நிறம் மட்டும் மாறி ஒரு மார்பு நீலம், ஒரு மார்பு சாம்பல் என்று நிற்கும்.

---

ஸ்காபரோ_அக்கா | செவ்வாய், மாலை 5:55

நாடா விஷயம் சரி அண்ணா. தோளுக்கும் முன் ஓரத்துக்கும் கட்டாயம் வைக்க வேண்டும். இரண்டு துணிக்கும் நடுவிலே வைக்கிறதால் வெளியே தெரியவும் தெரியாது.

கைக்குழிக்குத்தான் தாழ்ந்த தோள் பேட்டர்ன் சொன்னேன். அதில் கைக்குழி கிட்டத்தட்ட நேர்கோடு, இழுபட இடமில்லை. கூலிக் கணக்கு கடைக்குச் சரி, தங்கச்சி தனக்குத்தானே தைக்கிறா.

---

திருப்பூர்_இழை | செவ்வாய், இரவு 9:30

நான் ஏற்றுமதி கார்மென்ட்ஸில் மெர்ச்சண்டைசிங். எங்களிடம் கம்பளி கிடையாது, பனியன் துணிதான். ஆனால் இந்த விவாதம் எங்கள் சாம்பிள் அறையில் அடிக்கடி நடப்பது என்பதால் நுழைகிறேன்.

இரட்டைக் கம்பளி தைக்கிற ஃபேக்டரிகளில் துணியைப் பிரிக்கத் தனி மிஷினே உண்டு. வட்டக் கத்தி சுழலும், எத்தனை செ.மீ. ஆழம் என்று செட் பண்ணி ஓரத்தைக் கொடுத்தால் நடு நூலை அறுத்துக்கொண்டே போகும். ஆனால் பிரித்த பிறகு நல்ல கோட்டுகளை இன்றைக்கும் கையால்தான் மூடுகிறார்கள். விலை ஏறுவது அங்கேதான்.

இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. சைடு தையலில் முன்துண்டின் ஓரத்தை மட்டும் பிரியுங்கள். அதன் இரண்டு வாயையும் உள்பக்கம் மடித்து, பின்துண்டின் ஓரத்தைப் பிரிக்காமல் அப்படியே நடுவில் செருகுங்கள். மேலே மிஷினில் ஒரே தையல். இரண்டு பக்கமும் மடிப்பு, இரண்டு பக்கமும் ஒரே தையல் கோடு. பட்டியும் இல்லை, கைத்தையலும் இல்லை. கொஞ்சம் தடிமனாக இருக்கும், அவ்வளவுதான். செருகும் ஓரத்துக்கு 1.5 செ.மீ. வேண்டாம், ஒரு செ.மீ. போதும்.

தோள், சைடு, கையின் அடித்தையல் மூன்றுக்கும் இது. கண்ணில் படுகிற முன் ஓரம், காலர், கைமுனை மூன்றையும் அக்கா சொன்னபடி கையால் மூடுங்கள்.

மேல் நூலும் பாபின் நூலும் வேறு வேறு நிறமாகப் போடுங்கள்: மேலே கருநீலம், பாபினில் சாம்பல். டென்ஷன் கொஞ்சம் பிசகினாலும் நீலப் பக்கம் சாம்பல் புள்ளி புள்ளியாக எட்டிப் பார்க்கும். அதனால் தையல் இரண்டு துணிக்கும் நடுவில் முடிச்சு விழுகிற வரை துண்டுத் துணியில் டென்ஷன் பார்த்துவிட்டுத்தான் ஜாக்கெட்டைத் தொட வேண்டும். ஊசி 16, தையல் நீளம் 3 மி.மீ.க்கு மேல், துணியை அழுத்திப் பிடிக்கும் மிஷின் காலின் (பிரஷர் ஃபுட்) அழுத்தம் குறைவாக.

எங்கள் ஊரில் இருபக்கத் துணி என்றால் இன்டர்லாக். எதிரெதிராக இரண்டு வரிசை ஊசியில் பின்னுவதால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். அதை யாரும் பிரிக்க முடியாது, யாரும் முயற்சிக்க வேண்டாம்.

---

பழையசட்டை | செவ்வாய், இரவு 11:20

தையல் எனக்குத் தெரியாது, பழைய உடை பிடிக்கும். திருப்பிப் போடும் ஜாக்கெட் என்றதும் நினைவு வருவது அமெரிக்க விமானப்படையின் எம்ஏ-1. 1950களில் வந்த நைலான் ஜாக்கெட். 1960 வாக்கில் உள்பக்கத்தைப் பளிச்சென்ற ஆரஞ்சாக மாற்றினார்கள். விமானம் விழுந்து விமானி தப்பித்துவிட்டால் ஜாக்கெட்டைத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம், தேடி வருகிறவர்கள் கண்ணில் உடனே படும். ஜப்பானில் போருக்குப் பிறகு அமெரிக்கச் சிப்பாய்கள் நினைவுப் பொருளாக வாங்கிப் போன பூத்தையல் ஜாக்கெட்டுகளிலும் பல திருப்பிப் போடுபவை. யோகோசுகா துறைமுக ஊரின் பெயரோடு சேர்த்தே அவற்றைச் சொல்வார்கள்.

ஆனால் இவையெல்லாம் இரண்டு துணி சேர்த்தவை. நீங்கள் பேசுகிற இரட்டைக் கம்பளியைத் தன் அடையாளமாகவே ஆக்கிக்கொண்டவர் இத்தாலிய ஆடை வடிவமைப்பாளர் மிலா ஷோன், 1960களில். அவருடைய கோட்டுகளைப் படத்தில் பார்த்தால் ஓரத்தில் ஒரு தையல்கூடக் கண்ணுக்குத் தெரியாது. அது எப்படி என்று இன்றைக்குத்தான் புரிந்தது.

---

நூல்கண்டு | புதன், காலை 8:00

சென்னையில் இருந்துகொண்டு கம்பளியைப் பற்றிப் படிக்கவே வியர்க்கிறது. ஜெய்ப்பூர் பக்கத்து ரஜாய் துணி, நடுவில் மெல்லிய பஞ்சு, இரண்டு பக்கமும் வேறு வேறு அச்சு, குறுக்கே கில்ட் தையல் போட்டு மீட்டரில் கிடைக்கிறதே, அதற்கும் இந்த முறை வருமா? டிசம்பரில் ரயிலில் போட ஒன்று வேண்டும்.

---

கத்தரிக்கோல் | புதன், காலை 9:45

அதற்கு என் பட்டிதான் தம்பி. வேறு வழியே இல்லை. கில்ட் தையலைத் தையல் விட்டத்தில் மட்டும் பிரித்து, அந்த இடத்துப் பஞ்சைப் பிய்த்து எடுத்துவிடு. அப்புறம் ரன் அண்ட் ஃபெல் தையல் (ஓர் ஓரத்தை மற்றதைச் சுற்றி மடித்து மேலே அடிப்பது) போட்டால் தட்டையாக உட்காரும். பஞ்சை எடுக்காமல் போட்டால் சைடில் கயிறு வைத்துத் தைத்தது போல நிற்கும். கில்ட் தையல் அவிழாமல் இருக்க, வெட்டுவதற்கு முன்பே வெட்டுக்கோட்டுக்கு உள்ளே ஒரு வரி தையல் ஓட்டிவிட வேண்டும். ஓரத்துக்குக் காட்டன் கிராஸ் பீஸ். பட்டியை அச்சில் உள்ள ஏதாவது ஒரு நிறத்தில் எடு, இரண்டு பக்கத்துக்கும் பொருந்துகிற மாதிரி.

இதை வெட்டித் தைக்க ஒரு சனி, ஞாயிறு போதும். பிள்ளைகள் இதில் ஆரம்பித்துவிட்டுக் கம்பளிக்குப் போனால் நல்லது.

---

குன்னூர்க்காரி | புதன், மாலை 4:15

துண்டுத் துணியில் மூன்றையும் தைத்துப் பார்த்தேன்: அண்ணாவின் பட்டி, அக்காவின் கைத்தையல், திருப்பூர்க்காரரின் செருகல். பட்டி நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் சாம்பல் பக்கம் உடனே ‘உள்பக்கம்’ ஆகிவிடுகிறது. அதைத் திருப்பிப் போட்டால் தெரிந்துவிடும். செருகலில் எது உள், எது வெளி என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. கைத்தையல் அழகில் முதலிடம், நேரம்தான் எடுக்கிறது. அதனால் திருப்பூர்க்காரர் சொன்ன கலவைதான் என் முடிவு. கைக்குழிக்கு மட்டும் அக்காவின் முறை.

அடுத்த கவலை பாக்கெட்டும் பட்டனும். நீலம் போடும்போதும் பாக்கெட் வேண்டும், சாம்பல் போடும்போதும் வேண்டும். ஜிப் வைத்தால் இழுக்கிற காது ஒரு பக்கம்தானே இருக்கும்?

---

திருப்பூர்_இழை | புதன், இரவு 8:50

ஜிப்பில் காது இரண்டு பக்கமும் போகிற மாதிரி ஸ்லைடர் உண்டு. ஒரே காது மேலே வளைந்த தண்டவாளத்தில் வழுக்கி மறுபக்கம் போகும், அல்லது இரண்டு பக்கமும் ஆளுக்கொரு காது. ஒய்கேகே என்ற ஜிப் கம்பெனி உட்படப் பலரும் செய்கிறார்கள். கடையில் ‘ரிவர்சிபிள் ஸ்லைடர்’ என்று கேளுங்கள். அடி திறக்கிற ஜிப்பாக வாங்க வேண்டும்.

உங்கள் துணியில் இன்னொரு வசதி: முன் ஓரத்தைப் பிரித்து, ஜிப்பின் துணி நாடாவை நீலத்துக்கும் சாம்பலுக்கும் நடுவில் வைத்து மூடலாம். எந்தப் பக்கம் பார்த்தாலும் பல் மட்டும்தான் தெரியும்.

---

கத்தரிக்கோல் | வியாழன், காலை 8:30

கம்பளிக்கு ஜிப் எதற்கு? பட்டன் வையுங்கள். ஒரு பக்கம் காஜா, மறு பக்கம் பட்டனை முதுகோடு முதுகாக இரண்டு பக்கமும் ஒரே நூலில் தைத்துவிடுங்கள். நீலம் போட்டால் நீலப் பட்டன், திருப்பினால் சாம்பல் பட்டன். காஜாவை மட்டும் கையால் போடுங்கள், நூலை இரண்டு பக்கமும் ஒரே சீராகப் பிடித்து. மிஷின் காஜாவில் அடிப்பக்கம் எப்போதும் கொஞ்சம் மெலிந்து தெரியும்.

ஒன்று நினைவிருக்கட்டும்: திருப்பிப் போடும்போது வலது முன்துண்டு இடது பக்கம் போய்விடும். ஒரு பக்கத்துக்குப் பெண்கள் மாதிரி மூடினால், திருப்பினால் ஆண்கள் சட்டை மாதிரி மூடும். அதற்கு ஒன்றும் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம்.

---

ஸ்காபரோ_அக்கா | வியாழன், மாலை 7:10

அண்ணாவோடு இந்த ஒரு விஷயத்தில் முழுச் சம்மதம். எங்கட குளிரில் கையுறை போட்டுக்கொண்டு ஜிப்பின் காதைத் தேடுறது பெரும்பாடு. பெரிய தெறியே (பட்டன்) நல்லது. முன்பக்கம் ஒன்றின் மேல் ஒன்று ஏற ஏழெட்டு செ.மீ. கூட விட்டு வெட்டுங்கோ, குன்னூர்க் காற்று உள்ளே வராது.

பாக்கெட்டுக்கு எனக்குப் பிடிச்ச வழி: சாம்பல் பக்கத்தில் ஒரு ஒட்டுப் பாக்கெட் வையுங்கோ. அதே பாக்கெட்டின் எல்லைக்குள், நீலப் பக்கத்தில் சரிவாக ஒரு வெட்டு வாய் திறந்து விடுங்கோ. நீலம் போட்டால் வெட்டு வாய் வழியாகக் கை போகும், உள்ளே பையாக இருப்பது சாம்பல் பக்கத்து ஒட்டுப் பாக்கெட். திருப்பினால் ஒட்டுப் பாக்கெட் மேல் வாயால் திறக்கும். ஒரே பை, இரண்டு வாசல். சில்லறையை மட்டும் அதில் வைக்காதேங்கோ, மறுவாசலால் விழுந்திடும்.

---

குன்னூர்க்காரி | வெள்ளி, காலை 11:00

அருமை அக்கா. காலர் முனையில் சின்னதாகப் பூத்தையல் போட்டால் மறுபக்கம் முடிச்சு தெரியுமே, அதற்கும் வழி உண்டா?

எங்கள் மலையில் தோடர் பெண்கள் புத்துக்குளி என்ற போர்வையில் போடும் தையலைப் பார்த்துத்தான் இந்த ஆசை. தடித்த வெள்ளைப் பருத்தியில் இழை எண்ணி, சிவப்பும் கறுப்புமாகப் போடுவார்கள். நாம் பின்பக்கம் என்று நினைக்கிற மேடான பக்கத்தைத்தான் அவர்கள் நல்ல பக்கமாகக் கொள்கிறார்கள், இரண்டு பக்கமும் பார்க்க அழகு. 2013-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதை நான் காப்பி அடிக்கப் போவதில்லை, அது அவர்களுடையது. சாதாரணச் சங்கிலித் தையல்தான்.

---

திருப்பூர்_இழை | வெள்ளி, மதியம் 1:25

காலர் ஓரத்தை மூடுவதற்கு முன்பே போட்டுவிடுங்கள். பிரித்து வைத்த நீலத் துணியில் மட்டும் ஊசி ஏற வேண்டும். முடிச்செல்லாம் நடுவில் மாட்டிக்கொள்ளும், சாம்பல் பக்கத்துக்கு ஒன்றும் தெரியாது. அந்த இடத்தில் பூ இருக்கிற அளவுக்கு மட்டும் கூடுதலாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

---

குன்னூர்க்காரி | இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 5:40

முடிந்தது. படம் இரண்டும் ஏற்றியிருக்கிறேன், இடது நீலம், வலது சாம்பல்.

சைடும் தோளும் செருகல் தையல். கைக்குழியில் நாடா வைத்து அக்கா சொன்ன மாதிரி நீலத்தை மிஷினிலும் சாம்பலைக் கையாலும். ஓரம் முழுக்கக் கையால் மூடினேன், தினமும் ராத்திரி டிவி பார்த்துக்கொண்டே. பட்டன் கத்தரிக்கோல் அண்ணா சொன்ன மாதிரி முதுகோடு முதுகு, பாக்கெட் இரண்டு வாசல். கை நீளத்தை ஆறு செ.மீ. கூட வைத்து வெட்டினேன். அதை மடித்துவிட்டால் நீலக் கையில் சாம்பல் கஃப் தெரிகிறது, அதற்கென்று தனியாக ஒன்றும் தைக்க வேண்டியிருக்கவில்லை.

மீதித் துண்டை முழுசாகப் பிரித்துப் பார்த்தேன். சாம்பல் துணி மட்டும் மெல்லிசாக, ஒரு மஃப்ளர் அளவுக்கு வந்திருக்கிறது.

---

கத்தரிக்கோல் | ஞாயிறு, இரவு 7:15

அடிப்பக்கம் அலையில்லாமல் நேராக விழுந்திருக்கிறது. அதுதான் கஷ்டம். இஸ்திரியைத் தேய்த்தீர்களா, வைத்து வைத்து எடுத்தீர்களா?

---

குன்னூர்க்காரி | ஞாயிறு, இரவு 7:32

வைத்து வைத்துத்தான் அண்ணா. ஈரத்துணி மேல் ஆவி வந்ததும் பெட்டியை எடுத்துவிட்டு, அந்தச் சூட்டோடு மரக்கட்டையை ஓரத்தின் மேல் அழுத்தி, ஆறும் வரை அப்படியே பிடித்துக்கொண்டேன்.

---

நூல்கண்டு | ஞாயிறு, இரவு 8:05

எனக்கு ரஜாய் துணி வந்துவிட்டது. குன்னூர் அக்கா, உங்கள் பேட்டர்ன் தாளின் படம் கிடைக்குமா? தாழ்ந்த தோள் எப்படி வரைவது என்று புரியவில்லை.

---

குன்னூர்க்காரி | ஞாயிறு, இரவு 8:40

நாளைக்குக் கட்டம் போட்ட தாளில் வரைந்து ஏற்றுகிறேன். தோளைச் சாதாரண அளவைவிட ஐந்து செ.மீ. வெளியே தள்ளி, கையின் மேல் வளைவை அதே அளவு குறைத்திருக்கிறேன். உனக்குப் பஞ்சு இருக்கிற துணி, மார்புச் சுற்றில் என்னைவிட இன்னும் கொஞ்சம் தளர்வு சேர்த்துக்கொள். கழுத்தை வெட்டும் முன் ஒரு பழைய பெட்ஷீட்டில் தைத்துப் போட்டுப் பார்த்துவிடு.